எங்கே நின்றீர்கள், எப்போது அழுத்தினீர்கள்: தெருப் படங்களின் ஒளி, கம்போசிஷன் பற்றிக் கருத்துக் கேட்கவும் சொல்லவும் ஒரு முழு வழிகாட்டி

"படம் அருமை" என்று கேட்டுவிட்டுப் போனவர் அடுத்த வாரம் அதே பிழை உள்ள இன்னொரு படத்தோடு வருவார். "லைட்டிங் சரியில்லை" என்று கேட்டுவிட்டுப் போனவரும் அப்படியே வருவார். சில ஆண்டுகளாக ஒரு சிறு குழுவில் உட்கார்ந்து ஒருவர் படத்தை மற்றவர் பார்த்துப் பேசி வருகிறோம். இதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். பாராட்டோ குறையோ, நாளைக்குத் தெருவில் இறங்கும்போது காலை எங்கே வைப்பது, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று அது சொல்லாவிட்டால் கேட்டவருக்கு அதனால் பயனில்லை.

ஸ்டுடியோவில் விளக்கை நகர்த்தலாம், ஆளைத் திரும்பி நிற்கச் சொல்லலாம். தெருவில் இரண்டும் நடக்காது. நம் கையில் இருப்பவை நிற்கும் இடம், கேமராவின் உயரம், அழுத்தும் நொடி, எக்ஸ்போஷர் (கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவு) ஆகிய நான்கே. சொல்லப்படும் எந்தக் கருத்தும் கடைசியில் இந்த நான்கில் ஒன்றாக மாற வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகவே. முதல் இரண்டு பகுதிகளும் கடைசி நான்கும் படத்தைக் காட்டுபவருக்கு, நடுவில் உள்ளவை பார்ப்பவருக்கு. இருவரும் முழுவதையும் படித்துவிட்டு உட்கார்ந்தால் நேரம் மிச்சம்.

1. எந்தப் படத்தைக் காட்டுவது

எடுத்த அன்றைக்கே காட்டாதீர்கள். தெருவின் சத்தம், கேமராவைத் தூக்கும்போது இருந்த படபடப்பு, அந்த ஆள் சட்டென்று திரும்பிய கணம் எல்லாம் அன்று உங்களுக்குள் இருக்கும். அவற்றில் எதுவும் படத்துக்குள் வராமல் போயிருக்கலாம். உங்களுக்கு மட்டும் வந்ததாகத் தோன்றும்.

அமெரிக்கத் தெருப் புகைப்படக் கலைஞர் கேரி வினோகிராண்ட் எடுத்த பிலிமை உடனே கழுவமாட்டார். ஓராண்டு, இரண்டாண்டு விட்டுவைப்பார். எடுத்த நாளின் மனநிலை தேர்வில் கலந்துவிடக்கூடாது என்பதற்காக. நமக்கு ஒரு வாரம் போதும்.

ஒரு முறைக்கு ஒரு படம், மிஞ்சினால் மூன்று. பத்துப் படத்தை வைத்தால் பார்ப்பவர் பிடித்தது, பிடிக்காதது என்று பொறுக்க ஆரம்பித்துவிடுவார். பொறுக்குவதும் நல்ல வேலைதான், ஆனால் அது வேறு வேலை.

ஏற்கெனவே பலர் பாராட்டிய படத்தைக் கொண்டுவர வேண்டாம். அதில் நீங்கள் தேடுவது இன்னொரு பாராட்டு. "ஏதோ இருக்கிறது, ஆனால் ஏன் கைகூடவில்லை என்று தெரியவில்லை" என்று உங்களை அரிக்கும் படம்தான் சரியான படம்.

2. கூடவே என்ன கொண்டுவருவது

க்ராப் செய்யாத, அதாவது ஓரங்களை வெட்டாத முழு பிரேம் கட்டாயம் வேண்டும். எடிட் செய்ததையும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் காட்டாதீர்கள். க்ராப் செய்த படம் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பதை மறைத்துவிடும்.

அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த மூன்று நான்கு பிரேம்களும் வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். ஒரே இடத்தில் நின்று ஐந்து முறை அழுத்தினீர்களா, ஒவ்வொரு முறையும் ஓர் அடி நகர்ந்தீர்களா, சரியான நொடிக்கு முன்பே கிளம்பிவிட்டீர்களா என்பதெல்லாம் அந்த வரிசையில்தான் தெரியும். ஒரு படத்தைப் பார்த்துச் சொல்லும் கருத்து அந்தப் படத்தோடு நின்றுவிடும்; வரிசையைப் பார்த்துச் சொல்வது உங்கள் பழக்கத்தையே தொடும்.

லென்ஸின் குவியத் தூரம், ஷட்டர் வேகம், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ, எடுத்த நேரம் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிவையுங்கள். கேட்டால் மட்டும் காட்டுங்கள். முதலிலேயே சொன்னால் பேச்சு கேமராவைப் பற்றியதாகிவிடும்.

கோப்பாக அனுப்புவதென்றால் எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் ஜேபெக்காக மாற்றி அனுப்புங்கள். அடோபி ஆர்ஜிபியில் அனுப்பினால், நிறவெளியைக் கவனிக்காத செயலிகளில் படம் சோகை பிடித்தாற்போல் தெரியும்; படத்தில் இல்லாத குறையைப் பேசிக்கொண்டிருப்பீர்கள். செய்திச் செயலிகள் படத்தை நசுக்கிவிடுவதால் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

கடைசியாக, ஒரு கேள்வி. "எப்படி இருக்கு?" என்றால் "நல்லா இருக்கு" என்ற பதில்தான் வரும். "சுவரோரம் நிற்கும் பெண் முதலில் கண்ணில் படுகிறாரா, சைக்கிளா?" என்பது கேள்வி. "பின்னால் இருக்கும் வெள்ளைப் பலகை தொந்தரவு செய்கிறதா?" என்பது கேள்விதான், ஆனால் அது பார்ப்பவரின் கண்ணை நேரே பலகைக்குக் கூட்டிப்போய்விடும். ஆகவே கேள்வியை எழுதி மடித்து வையுங்கள். அவர் தானாகப் பார்த்துப் பேசிய பிறகு பிரியுங்கள். அவர் சொன்னதும் நீங்கள் எழுதியதும் ஒன்றாக இருந்தால் உங்கள் ஐயத்துக்கு அதைவிட உறுதியான விடை கிடைக்காது.

3. பார்ப்பவரின் திரை

ஒளியைப் பற்றிப் பேசுவதற்கு முன் திரையைச் சரிசெய்யுங்கள். இருட்டறையில் முழு வெளிச்சம் வைத்த போனில் இருண்ட படமும் சரியாகத்தான் தெரியும். வெயிலில் மங்கலான திரையில் அதே படம் கரிக்கட்டை. தானியங்கி வெளிச்ச மாற்றத்தையும் இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியையும் அணையுங்கள். ஐயம் வந்தால் ஹிஸ்டோகிராமை (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) பாருங்கள். அறை வெளிச்சத்துக்கு ஏற்ப அது மாறாது.

முடிந்தால் சிறிய அச்சுப் பிரதிகள் போட்டு மேசையில் பரப்புங்கள். தலைகீழாகத் திருப்பலாம், விரலால் ஓரத்தை மறைக்கலாம், இருவரும் ஒரே படத்தைப் பார்க்கிறோம் என்பதும் உறுதி.

4. முதல் அரை நிமிடம்: வாய் திறக்காமல் பாருங்கள்

கருத்துச் சொல்பவர் செய்யும் முதல் தவறு உடனே பேசுவது. முதலில் வரும் சொல் பெரும்பாலும் எங்கோ படித்த விதியாக இருக்கும்.

ஒரு தாளில் மூன்று எண்களை எழுதுங்கள். கண் முதலில் எங்கே போனது, இரண்டாவது எங்கே, மூன்றாவது எங்கே என்று குறியுங்கள். கண் பிரேமை விட்டு எந்த ஓரத்தில் வெளியேறியது என்பதையும் எழுதுங்கள். இது உங்கள் ரசனை இல்லை, நடந்த நிகழ்ச்சி. படத்தை எடுத்தவர் இதோடு சண்டை போட முடியாது. வேறு யாரிடமிருந்தும் இது அவருக்குக் கிடைக்கவும் செய்யாது, ஏனெனில் அவர் கண் தனக்குத் தெரிந்த இடத்துக்கே போகும்.

பிறகு படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். முகபாவம், துணியின் பூவேலை எல்லாம் மறைந்து இருட்டும் வெளிச்சமும் மட்டும் திட்டுத்திட்டாக நிற்கும். அந்த அளவிலும் முக்கிய உருவம் தெரிந்தால் அமைப்பு உறுதியானது. தலைகீழாக்கிப் பார்த்தாலும் அதே பலன்: பொருள்களின் பெயர் மறந்து வடிவங்கள் மட்டும் மிஞ்சும்.

இந்த அரை நிமிடத்தில் எடுத்தவர் கதை சொல்ல வந்தால் கையமர்த்துங்கள். கதை கேட்ட கண்ணால் அந்தப் படத்தை மறுபடி புதிதாகப் பார்க்க முடியாது.

5. ஒளியை முதலில் படியுங்கள்

கம்போசிஷனுக்கு (பிரேமுக்குள் எல்லாம் அமைந்திருக்கும் விதத்துக்கு) முன் ஒளியைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கம்போசிஷன் குறை என்று நாம் சொல்லும் பல குறைகள் ஒளியில் பிறந்தவை. "ஆள் பின்னணியோடு கலந்துவிட்டார்" என்போம். அதே ஆள், அதே கோணம், ஆனால் அவர் வெயிலிலும் பின்சுவர் நிழலிலும் இருந்திருந்தால் வெட்டியெடுத்தாற்போல் நின்றிருப்பார். நான்கு அடி நடக்கவிட்டு அழுத்தியிருந்தால் போதும். குறையைக் கம்போசிஷன் என்று பெயரிட்டால் அவர் வேறு கோணம் தேடுவார். ஒளி என்று பெயரிட்டால் காத்திருப்பார். பெயர் மாறினால் மருந்து மாறிவிடுகிறது.

நிழலிலிருந்து தொடங்குங்கள். நிழல் கேமராவை நோக்கி விழுந்தால் ஒளி பின்னாலிருந்து வருகிறது. பக்கவாட்டில் விழுந்தால் பக்க ஒளி. முகத்தில் ஒரு பாதியும் சுவரின் சொரசொரப்பும் எழுந்து நிற்கும். நிழல் ஆளுக்குப் பின்னால் ஒளிந்தால் ஒளி எடுத்தவரின் முதுகுப் பக்கம். எல்லாம் தெரியும், எதுவும் புடைத்து நிற்காது. "படம் தட்டையாக இருக்கிறது" என்று சொல்லத் தோன்றினால் முதலில் இதைப் பாருங்கள். தட்டை என்பது அறிகுறி. "சூரியன் உங்கள் முதுகில் இருந்தது, ஆளுக்குப் பக்கவாட்டில் சுற்றிப் போயிருந்தால் பக்க ஒளி கிடைத்திருக்கும்" என்பது கருத்து.

அடுத்து நிழலின் ஓரம். கத்தியால் கீறியது போல இருந்தால் கடின ஒளி. கரைந்திருந்தால் மென்மையான ஒளி. கடின ஒளியில் வடிவங்கள் வலுவாக வரும், கண்குழிகள் இருளும். மேகமூட்டத்தில் முகம் மென்மையாக வரும், ஆனால் உருவத்தைப் பிரித்துக்காட்ட வெளிச்சம் உதவாது. நிறமும் இடைவெளியும்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். மேகமூட்ட நாளின் படத்தைப் பார்த்து "கான்ட்ராஸ்ட் போதாது" என்று சொல்லிவிட்டால் அவர் ஸ்லைடரை இழுப்பார். "இந்த ஒளியில் சாம்பல் சட்டை சாம்பல் சுவர் முன்னால் பிரியாது, வேறு நிறச் சுவர் வரும்வரை அவரோடு நடந்திருக்கலாம்" என்றால் அடுத்த முறை சுவரைப் பார்ப்பார்.

நிழலின் நீளம் நேரத்தைச் சொல்லும். சூரியன் 45 பாகை உயரத்தில் இருக்கும்போது நிழல் ஆளின் உயரமே இருக்கும். அதைவிடக் குட்டையான நிழல் என்றால் வெயில் உச்சியை நெருங்குகிறது. நெற்றி பளிச்சென்றும் கண் கறுத்தும் போவது இயல்பு. அப்போது முகத்தைத் தேடாமல் மேலிருந்து வடிவங்களை எடுக்கலாம், அல்லது வெளிர் நிறத் தரையோ எதிர்ச்சுவரோ கீழிருந்து ஒளியைத் திருப்பி அனுப்பும் இடத்தைத் தேடலாம். எடுத்தவருக்குப் பெரும்பாலும் இரண்டாவது வழி தெரிந்திருக்காது. சொல்லிக்கொடுங்கள்.

இப்போது பிரேமில் மிகவும் வெளிச்சமான இடத்தைத் தேடுங்கள். அது முக்கியமான இடமாகவே இருக்கிறதா? கண் வெளிச்சத்துக்கு ஓடும். ஓரத்தில் ஒரு வெள்ளைப் பை, ஒரு துண்டு வானம், கண்ணாடியில் ஒரு பளிச்சிடல் இருந்தால் நடுவில் நிற்கும் ஆள் தோற்றுப்போவார். நான்காம் பகுதியில் நீங்கள் குறித்த முதல் எண் இந்த இடத்தில்தான் விழுந்திருக்கும், பாருங்கள்.

பிறகு எக்ஸ்போஷர். கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டர் தான் பார்ப்பதை நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். பெரும்பகுதி நிழலாகவும் ஒரு சின்னக் கீற்றில் மட்டும் ஆள் வெயிலிலும் இருந்தால், மீட்டர் நிழலைத் தூக்கிவிட்டு அந்த முகத்தை வெந்துபோக வைக்கும். முற்றிலும் வெளுத்த இடத்தை எடிட்டிங்கில் மீட்க முடியாது. இருண்ட இடத்தைத் தூக்கலாம், கொஞ்சம் புள்ளியடிக்கும், அவ்வளவுதான். ஆகவே சொல்ல வேண்டியது: "இந்தமாதிரிக் கீற்று வெளிச்சத்தில் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (மீட்டர் சொல்லும் அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி) ஒன்று அல்லது இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்துவையுங்கள், முகத்துக்கு அளந்துகொள்ளுங்கள், நிழல் கறுத்துப் போகட்டும்." நிழலில் எதுவும் தெரியவில்லை என்பதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. அங்கே தெரிய வேண்டியது ஏதாவது இருந்ததா என்று முதலில் கேளுங்கள்.

நிழலுருவப் படங்களுக்குத் தனி அளவுகோல். உள்ளே விவரம் இல்லாததால் வெளிக்கோடே முழுப் படமும். கால்களுக்கு இடையே வெளி தெரிகிறதா, கை உடம்பை விட்டு விலகியிருக்கிறதா, முகம் பக்கவாட்டில் இருக்கிறதா என்று மூன்றையும் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் ஆள் தூணாகிவிடுவார். காரணம் பெரும்பாலும் அரை நொடி. நடப்பவரின் கால்கள் அகல விரியும் தருணத்தில் அழுத்துவதே இங்கே சொல்ல வேண்டிய கருத்து.

நிறத்தைக் கடைசியில் பாருங்கள். நிழலில் விழும் வான ஒளி நீலம், டங்ஸ்டன் விளக்கு மஞ்சள். இரண்டும் ஒரே பிரேமில் வருவது குறையில்லை. வொயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகத் தெரியக் கேமரா செய்யும் நிறத் திருத்தம்) தானியங்கியில் விட்டதால் அடுத்தடுத்த பிரேம்களில் அதே சுவர் வெவ்வேறு நிறமாக வந்திருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

6. அடுத்து கம்போசிஷன்

இங்கே வரிசை: முதலில் பிரிவு, பிறகு ஓரங்கள், பிறகு இடம். சாய்வும் மூன்றிலொரு விதியும் (முக்கிய உருவத்தை நடுவில் வைக்காமல் பிரேமின் மூன்றிலொரு பங்குக் கோட்டில் வைக்கச் சொல்லும் விதி) அதற்கப்புறம்.

பிரிவு என்பது முக்கிய உருவத்தைச் சுற்றி இடைவெளி இருக்கிறதா என்பது. தலையிலிருந்து கம்பம் முளைக்கிறதா? இரண்டு பேரின் தோள்கள் ஒட்டிக்கொண்டு ஒரே உடம்பாகத் தெரிகின்றனவா? மூக்கு நுனி பின்னால் உள்ள சுவரின் விளிம்பைத் தொடுகிறதா? தொட்டும் தொடாமலும் இருப்பது முழுதாக மறைப்பதைவிட மோசம். எது முன்னால், எது பின்னால் என்று கண் தடுமாறும்.

குறையைக் கண்டதும் அதற்கான காலடியைச் சொல்லுங்கள். கேமரா இடப்பக்கம் நகர்ந்தால் அருகில் உள்ளவர் பின்னணிக்கு எதிரே வலப்பக்கம் நகர்வார். கம்பம் தலைக்கு நேரே பின்னால் இருந்தால் அரை அடி பக்கவாட்டில் போதும். ஆனால் தலையுயரத்தில் ஒரு கறுப்புப் பட்டை பின்னால் குறுக்கே போய் எல்லாத் தலைகளையும் விழுங்கினால் பக்கவாட்டில் நகர்ந்து பயனில்லை. உயரம் மாற வேண்டும்.

உயரம் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். சமதரையில் கண்மட்டத்தில் கேமராவைப் பிடித்தால், அதே உயரமுள்ள எல்லோருடைய கண்கள் வழியாகவும் தொடுவானக் கோடு போகும், அவர்கள் பக்கத்தில் நின்றாலும் தூரத்தில் நின்றாலும். தலைகள் ஒரே வரிசையில் கோர்த்தாற்போல் வரும். கேமராவை இடுப்புக்கு இறக்கினால் கோடு இடுப்புகள் வழியே போகும். அருகில் உள்ளவரின் தலை கூட்டத்துக்கு மேலே எழும். கூட்டத்தில் ஆள் தனித்துத் தெரியவில்லை என்பவரிடம் நான் முதலில் கேட்பது "எவ்வளவு உயரத்தில் பிடித்தீர்கள்?" என்றுதான்.

ஓரங்களை விரலால் சுற்றி வாருங்கள். மேல், வலம், கீழ், இடம் என்று ஒரு சுற்று. பாதி வெட்டுண்ட முகம், யாருடையதென்று தெரியாத கை, கணுக்காலில் அறுந்த கால் எல்லாம் ஓரத்தில்தான் கிடக்கும். மூட்டில் வெட்டுவது உறுத்தும். தொடை நடுவிலோ இடுப்புக்கு மேலோ வெட்டினால் அப்படித் தோன்றாது. எடுத்தவர்கள் நடுவைப் பார்த்தே அழுத்துவதால் ஓரம் அவர்களுக்குப் புதுச் செய்தியாகவே இருக்கும். அகலமான லென்ஸ் என்றால் இன்னொன்றையும் பாருங்கள்: 28 மி.மீ.-இல் ஓரத்தில் நிற்பவர் அகலமாக இழுபட்டுத் தெரிவார். அவரே முக்கிய உருவம் என்றால் சற்று உள்ளே வரவிட்டிருக்க வேண்டும்.

இடம் என்பது வெற்றிடம் எதற்காக விடப்பட்டிருக்கிறது என்பது. ஒருவர் நடக்கும் திசையில் இடம் விட்டால் அவர் போகிறார். முதுகுப் பக்கம் விட்டால் ஏதையோ விட்டுவிட்டுப் போகிறார். இரண்டும் சரியே. படத்தின் மற்றவை எதைச் சொல்கின்றன என்று பார்த்துத்தான் எது தவறு என்று சொல்ல முடியும்.

மூன்றிலொரு விதியைத் தீர்ப்பாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. "ஆள் நடுவில் இருக்கிறார்" என்பது குறை ஆகாது. நடுவில் இருப்பதால் அவர் பார்க்கும் பொருள் வெளியே போய்விட்டது என்றால் அது குறை. விதி மீறப்பட்டதைச் சொல்ல வேண்டாம், என்ன இழந்தோம் என்பதைச் சொல்லுங்கள். சாய்வும் அப்படியே. ஒரு பாகை சாய்ந்தால் கவனக்குறைவு என்று தோன்றும், திருத்திவிடலாம். துணிந்து சாய்த்தது என்றால் அது படத்துக்கு வேகம் தருகிறதா என்று கேளுங்கள்.

7. கூர்மை இல்லையென்றால் காரணத்தைப் பிரியுங்கள்

"ஃபோகஸ் அவுட்" என்று எல்லாவற்றுக்கும் சொல்லிவிடுகிறார்கள். மூன்று வேறு நோய்கள் அங்கே இருக்கின்றன. முழு பிரேமும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கேமரா அசைந்தது. பின்னணி கூர்மையாகவும் ஆளின் கைகால் மட்டும் திசையோடு கலைந்தும் இருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. நடப்பவரை நிறுத்த 1/250 நொடி, ஓடுபவருக்கு 1/500 அல்லது அதற்கும் வேகம் என்று தொடங்கலாம். ஆள் மங்கி, அவருக்கு முன்போ பின்போ வேறு ஏதாவது தெளிவாக இருந்தால்தான் ஃபோகஸ் தவறு.

மூன்றாவது திரும்பத் திரும்ப நடந்தால் முன்கூட்டியே தூரத்தைப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். முழு பிரேம் கேமராவில் (சென்சார் 35 மி.மீ. பிலிம் அளவுள்ளது) 35 மி.மீ. லென்ஸின் அப்பர்ச்சரை எஃப் 8-இல் வைத்து 3 மீட்டரில் பூட்டினால் ஏறத்தாழ 2 முதல் 7 மீட்டர் வரை தெளிவாக வரும்.

8. குறைகளை மூன்றாகப் பிரியுங்கள்

பேசுவதற்கு முன் உங்கள் குறிப்புகளை மூன்று கூடையில் போடுங்கள். எடிட்டிங்கில் தீர்வது, பக்கத்துப் பிரேமைத் தேர்ந்தால் தீர்வது, மறுபடி தெருவுக்குப் போனால்தான் தீர்வது.

முதல் கூடைக்கு ஒரு வரி போதும். ஓரத்தில் உள்ள வெள்ளைப் பையை க்ராப் செய்யலாம், சாய்வைத் திருத்தலாம். க்ராப்பைத் தவறு என்று நினைக்க வேண்டாம். க்ராப் செய்வதை விரும்பாத பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் 1932-இல் பாரிஸின் சான்-லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எடுத்த, ஒருவர் தண்ணீரைத் தாண்டும் படமே க்ராப் செய்யப்பட்டதுதான். வேலிப் பலகைகளுக்கு இடையே லென்ஸ் முழுதாக நுழையாததால் இடப்பக்கம் மறைந்திருந்தது.

ஆனால் க்ராப்பால் முடியாதது ஒன்று உண்டு. முன்னால் நிற்பவருக்கும் பின்னால் உள்ள கட்டடத்துக்கும் இடையிலான அளவு விகிதத்தை அது மாற்றாது. இரண்டடி முன்னால் வைத்தால் மாறும். "ஆள் சின்னதாக இருக்கிறார், க்ராப் செய்யுங்கள்" என்றால் பின்னணியும் சேர்ந்தே பெரிதாகும். ஆள் பின்னணியை வெல்ல வேண்டுமென்றால் கிட்டே போயிருக்க வேண்டும். இது மூன்றாம் கூடை. பேச்சின் பெரும்பகுதி இந்தக் கூடைக்கே போக வேண்டும்.

இரண்டாம் கூடைக்குத்தான் வரிசையைக் கேட்டீர்கள். நல்ல படம் மூன்றாவது பிரேமில் கிடக்க, முகபாவத்துக்காக ஐந்தாவதைத் தேர்ந்திருப்பார்கள். அடிக்கடி காண்கிறேன்.

9. எப்படிச் சொல்வது

ஒவ்வொரு கருத்திலும் மூன்று துண்டுகள் இருக்கட்டும்: கண்டது, அதனால் நடந்தது, செய்திருக்கக்கூடியது.

"பேக்கிரவுண்ட் டிஸ்டர்பன்ஸ்" என்று சொன்னால் எதுவும் புரியாது. "வலது மேல் மூலையில் வெளிச்சமான ஜன்னல் இருக்கிறது. என் கண் முதலில் அங்கே போய்விட்டு, குடை பிடித்தவரிடம் தாமதமாகத்தான் வந்தது. ஓர் அடி இடப்பக்கம் நகர்ந்திருந்தால் குடையே ஜன்னலை மறைத்திருக்கும்." இதைக் கேட்டவர் அடுத்த முறை ஜன்னலைப் பார்ப்பார், குடையால் மறைப்பார்.

ஒரு படத்துக்கு இரண்டு கருத்துக்கு மேல் வேண்டாம். ஏழு குறை சொன்னால் அவற்றில் ஒன்றைக்கூட அவர் தெருவில் நினைவில் வைக்க முடியாது. எது மாறினால் படம் அதிகம் மாறுமோ அதை மட்டும் சொல்லுங்கள்.

நன்றாக வந்ததையும் அதே துல்லியத்தோடு சொல்லுங்கள். "கையின் நிழல் சுவரில் தனியாக விழுந்திருக்கிறது, இன்னும் அரை நொடி போயிருந்தால் உடம்பின் நிழலோடு கலந்திருக்கும், சரியாக அழுத்தினீர்கள்." தற்செயலாக வந்ததைத் தெரிந்து செய்ய வைப்பது இந்தப் பாராட்டுதான்.

இதெல்லாம் முடிந்தபின் கேளுங்கள்: "எதைப் பார்த்துக் கேமராவைத் தூக்கினீர்கள்?" அவர் சொல்வதும் நீங்கள் குறித்த மூன்று எண்களும் பொருந்தாவிட்டால், அந்த இடைவெளிதான் இன்றைய பாடம்.

தவிர்க்க வேண்டியவை சில. உங்கள் படத்தை அவர் எடுக்கவில்லை என்று குறைசொல்வது. கேமரா, லென்ஸ் மாற்றச் சொல்வது. வண்ணத்தில் ஒளி கைகூடாத படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கச் சொல்லி ஒதுங்குவது; ஒளிக்குறை அதில் இன்னும் அப்பட்டமாகும். படத்தில் இருப்பவரை இழிவாகக் காட்டுகிறது என்று தோன்றினால் அதை ஒளிவுமறைவின்றிச் சொல்லுங்கள், ஆனால் தனியாகச் சொல்லுங்கள். ஒளியைக் காரணம் காட்டி அந்தப் படத்தை மட்டம் தட்டினால் இரண்டு விஷயமும் அவருக்குப் போய்ச் சேராது.

10. கேட்பவர்: விளக்காமல் எழுதுங்கள்

பேசி முடிக்கும்வரை பதில் சொல்லாதீர்கள். "அங்கே இடமில்லை, பின்னால் வண்டி வந்தது" என்று சொல்ல நாக்கு துடிக்கும். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் விளக்கம் தொடங்கிய நிமிடம் பார்ப்பவர் உங்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்று குரலைத் தணித்துக்கொள்வார், சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிடுவார்.

அவர் சொன்ன சொற்களையே எழுதுங்கள், உங்கள் சுருக்கத்தை எழுதாதீர்கள். "கண் ஜன்னலுக்குப் போனது" என்று அவர் சொன்னதை "பின்னணி மோசம்" என்று எழுதிவிட்டால் ஒரு வாரம் கழித்துப் பயன்படாது.

மங்கலான கருத்து வந்தால் ஒரே கேள்வி போதும்: "எந்த இடத்தைப் பார்த்து அப்படித் தோன்றியது? விரலை வைத்துக் காட்டுங்கள்." விரல் ஓரிடத்தில் நின்றால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. நிற்கவில்லை என்றால் நன்றி சொல்லி விட்டுவிடலாம்.

11. மறுநாள் சலித்தெடுங்கள்

அன்றே எடிட்டிங்கில் உட்காராதீர்கள். மனம் சுட்டிருக்கும்போது செய்யும் திருத்தம், சொன்னவரைத் திருப்திப்படுத்தும் திருத்தமாகிவிடும்.

மறுநாள் நோட்டைத் திறந்து பாருங்கள். கண் எங்கே போனது என்பது போன்ற கண்டறிதல்களை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். "செய்திருக்கக்கூடியது" என்ற பகுதி யோசனை மட்டுமே. அதைவிட நல்ல தீர்வு உங்களிடமே இருக்கலாம். ரசனையாக வந்தவற்றைத் தேதி போட்டுத் தனியே வையுங்கள். வெவ்வேறு ஆள்கள், வெவ்வேறு படங்கள், ஆனால் மூன்று முறை ஒரே குறை வந்தால் அது உங்கள் பழக்கம். எனக்கு அப்படி வந்தது ஓரங்களைப் பற்றி. மூன்று பேர் சொன்ன பிறகுதான் பழைய படங்களைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். கீழ் ஓரத்தில் கால்கள் வெட்டுப்படாத படம் அரிதாகத்தான் இருந்தது.

12. ஒரே ஒரு கருத்தோடு தெருவுக்குப் போங்கள்

நோட்டிலிருந்து ஒன்றை மட்டும் எடுங்கள். தெருவில் முடிவெடுக்க ஒரு நொடிகூடக் கிடைக்காது. இரண்டு விஷயத்தை நினைத்துக்கொண்டே போனால் இரண்டும் நழுவும்.

பிரிவுதான் உங்கள் குறை என்றால், நல்ல ஒளி விழும் ஒரு மூலையில் நின்று ஆள் வரும்வரை காத்திருங்கள். இடத்தை முடிவு செய்துவிட்டதால் தருணத்தை மட்டும் பார்க்கலாம். ஓரம்தான் குறை என்றால் அழுத்துவதற்கு முன் ஒருமுறை கீழ் ஓரத்தைப் பார்ப்பது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சில படங்கள் தவறிப்போகும், போகட்டும். எக்ஸ்போஷர் என்றால் வெயிலும் நிழலும் சந்திக்கும் ஒரே இடத்தில் காம்பன்சேஷனைப் பூஜ்யம், கழித்தல் ஒன்று, கழித்தல் இரண்டு என்று மாற்றி மூன்றையும் வீட்டில் ஒப்பிடுங்கள்.

அன்றைய படங்களை நல்ல படமா என்று பார்க்காதீர்கள். எடுத்துக்கொண்ட ஒரு விஷயம் எத்தனை பிரேமில் சரியாக வந்தது என்று மட்டும் எண்ணுங்கள்.

13. திரும்பக் காட்டுங்கள்

அதே ஆளிடம் போங்கள். பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். என்ன மாற்றினீர்கள் என்று சொல்லாமல், கண் முதலில் எங்கே போகிறது என்று மட்டும் கேளுங்கள்.

நீங்கள் நினைத்த இடத்துக்கே போனால் நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். போகவில்லை என்றால் அவர் சொன்ன தீர்வு உங்களுக்குப் பொருந்தவில்லை என்று பொருள். அதையும் அவரிடம் சொல்லுங்கள், முயன்று பார்த்த பிரேம்களைக் காட்டியே சொல்லுங்கள். அடுத்த முறை இன்னொருவர் படத்தைப் பார்க்கும்போது அவர் "ஓர் அடி இடப்பக்கம்" என்று சொல்வதற்கு முன் இடப்பக்கம் உண்மையில் என்ன இருந்தது என்று கேட்பார்.